கீழ்வீட்டின் ஃபெரி

துடுப்பு இயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அதை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. சோபாவுக்கும் துணி காயப்போடும் பால்கனிக்கும் நடுவில், சுவரைப் பார்த்தபடி. டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் அடுக்குமாடி பழையது, வீடுகள் சிறியவை. இயந்திரமோ ஓர் ஆள் நீட்டிப் படுத்தாலும் மிஞ்சும் நீளம். ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் இருக்கை, எதிரே காற்றை அறையும் சக்கரம், சங்கிலியில் கோத்த கைப்பிடி. காலால் உதைத்துக் கைப்பிடியை வயிறுவரை இழுக்க வேண்டும். பிறகு தளர்த்தி முன்னே போக வேண்டும். மறுபடி உதைக்க வேண்டும். எத்தனை மீட்டர் போயிருக்கிறோம் என்பதைச் சின்னத் திரை ஒன்று காட்டும்.

எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. நடக்க முழங்கால் விடவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் யாரிடமோ பழையதாக வாங்கி லாரியில் அனுப்பியிருந்தான். தொலைபேசியில் பாடமும் எடுத்தான்.

"சின்னச் சின்னதா இழும்மா. ஐந்நூறு மீட்டர் வேகமா, அப்புறம் ரெஸ்ட், அப்புறம் இன்னொரு ஐந்நூறு. லாங் டிஸ்டன்ஸ்லாம் உனக்கு வேணாம். உனக்குப் பொறுமையும் கெடையாது."

சரியாகத்தான் சொன்னான். பத்திரிகையின் செய்திமேசையில் அடுத்தவர் எழுதியதை வெட்டிக் குறைத்தே ஓய்வு பெற்றவள் நான். ஐந்நூறு மீட்டர் எனக்குப் பொருந்தியது. தொடை எரியும், மூச்சு விசிலடிக்கும், ஆனால் முடியுமிடம் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரே ஒருமுறை ஐயாயிரம் மீட்டர் முயன்றேன். வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. முடிவும் வரவில்லை. சுவரில் சாயம் உரிந்திருந்த இடம் பகாங் மாநில வரைபடம் மாதிரி இருக்கிறதா, ஜொகூர் மாதிரி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாதியில் இறங்கிச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது வாரம், கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டினார். ஐம்பதைத் தொட்டவர். தலையில் முக்காடு, கையில் இன்னும் கழுவாத மஞ்சள் கறை. லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல மேல என்னா ஓடுது? மாவு மில்லா?"

உள்ளே கூப்பிட்டு இயந்திரத்தைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"காசு குடுத்து வாங்கி, ஒக்காந்து இழுக்கிறீங்களா? எங்க வீட்டு அரிசி மூட்டய வந்து இழுத்திருக்கலாம்லா."

சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார்.

"சத்தம் பெருசில்லக்கா. நீங்க நிறுத்தி நிறுத்திப் போறீங்க பாருங்க, அதான் தொல்ல. நீங்க நிறுத்துறப்பல்லாம் அவுங்க எந்திரிச்சுடுறாங்க."

"தூக்கம் கெடுதா?"

"தூங்கறதில்ல. அவுங்க ஃபெரின்னு நெனைக்கிறாங்க."

அவுங்க என்றது கணவரை. எழுபது வயது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோற்றில் பல குழம்பு ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடையில் குழம்புப் பொறுப்பில் இருந்தவர். வீடு அப்போது கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். தினமும் காலையில் பெரிய ஃபெரியில் ஏறி இந்தத் தீவுக்கு வருவார். அந்த ஃபெரிகளை நிறுத்திச் சில வருஷமாகிறது. அவருக்கு நினைவு தவறத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே சமயம்தான். என் சக்கரத்தின் நடுக்கம் தரை வழியாக அவர் நாற்காலிக்கு இறங்கும்போது ஃபெரியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஃபெரி ஓடும்வரை யாரும் எழுந்திருக்கத் தேவையில்லை. நின்றால் இறங்க வேண்டும். நான் ஐந்நூறு மீட்டரில் நிறுத்தும்போதெல்லாம் அவர் எழுந்து, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, வாசலுக்குப் போனார்.

"நிறுத்தாம போக முடியுமாக்கா? ஒரு நாளு மட்டும். நான் பாசாருக்குப் போய் வந்துடுறேன்."

அந்தப் பெண் தனியாகச் சந்தைக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. கூலிமிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். கணவரை உள்ளே விட்டு இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டு ஒருநாள் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கணவர் கம்பியில் முட்டி முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டு நின்றாராம்.

நான் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அதைச் சோதித்தும் பார்த்தோம். மனைவி குப்பை போட இறங்கிய மறுகணம் அவர் எழுந்து, என்னை நேராகப் பார்க்காமல், தாழ்வாரத்துக்குப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி வந்ததும் மரியாதையாகவே சொன்னார்: "வீட்ல ஒரு பொம்பள தனியா ஒக்காந்திருக்கு. நான் எப்பிடி உள்ள இருக்கிறது?"

சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். "ரேடியோவ அடைங்க" என்றார். அவருக்கு வேண்டியது காதுக்கு வரும் சத்தமல்ல, காலுக்கு வரும் நடுக்கம்.

ஆகவே இழுத்தேன். ஏற்பாடு எளிது. கீழே கேட்டின் பூட்டுச் சத்தம் கேட்டதும் நான் தொடங்க வேண்டும். கீழ்வீட்டுப் பெண் திரும்பிவந்து லிஃப்ட் அருகில் நின்று எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். கைப்பேசி தரையில், சட்டத்துக்குப் பக்கத்தில் மின்னும். அப்போது நிறுத்தலாம்.

நெடுந்தூரத்தை அப்படித்தான் கற்றேன். தொடக்கத்தில் உடம்பு புதிதாக இருக்கும்போது வேகமெடுப்பதுதான் பெரிய தவறு. அதற்கான தண்டனை வெகுநேரம் கழித்து வரும். இழுப்பதற்கு ஒரு பங்கு நேரமென்றால், தளர்த்தி முன்னே போக இரு பங்கு கொடுக்க வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் கொப்புளம். நிமிராமல் இழுத்தால் இடுப்பு. ஒரு கட்டத்துக்குமேல் பின்பக்கம் மரத்துப்போகும், அதற்கு மருந்தில்லை. குறுந்தூரத்தில் வலி தலைதெறிக்க வந்து தலைதெறிக்க ஓடிவிடும். நெடுந்தூரத்து வலி சொல்லாமல் வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும் உறவினர் மாதிரி. எப்போது கிளம்பும் என்று கேட்கவும் முடியாது.

ஒரு நாள் என்றது தினமும் ஆயிற்று. கேட்டது அவரில்லை. இரண்டாம் நாள் காலையில் பூட்டுச் சத்தம் கேட்டது, நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். திரும்பி வரும்போது அவர் முகத்தில் வெயில் இருக்கும். "இன்னைக்குக் கெம்போங் மீன் அவ்ளோ புதுசா இருந்துச்சுக்கா" என்று வாசலில் நின்று சொல்வார். எனக்கு ஆகாத அளவு இனிப்பில் பலகாரம் கொடுத்தனுப்புவார். உடம்பு இளைத்தது. மருத்துவர் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மகிழ்ந்தார்.

ஆனால் காலை எட்டு மணி நெருங்கினால் எந்த வேலையையும் பாதியில் விட்டுவிட்டுப் பூட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். ஈப்போவிலிருந்து பழைய தோழி ஒருத்தி மூன்று நாள் வந்து தங்கச் சொன்னாள். முழங்கால் என்று பொய் சொன்னேன். காய்ச்சலோடும் இழுத்தேன். இழுக்கும்போது தொலைபேசி எடுக்க முடியாது, மூக்கைச் சொறிய முடியாது, மழை வந்தால் துணியை எடுக்க முடியாது. பால்கனியில் என் சேலைகள் நனைவதைப் பார்த்தபடி இழுத்திருக்கிறேன். கீழே ஒருவர் நாற்காலியில் பூட்டப்பட்டிருந்தார். மேலே நான் இருந்தேன், பூட்டில்லாமல். மகனிடம் சொன்னபோது, "வேணாம்னு சொல்லிடேம்மா, என்ன பெரிய விஷயம்?" என்றான். சொல்லலாம்தான். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ்டு கால் வரவில்லை.

வழக்கமாக அவர் திரும்பும் தூரம் திரையில் கடந்தது. இன்னொரு ஆயிரமும் கடந்தது. வேகத்தைக் குறைத்தேன். அதற்கும் எல்லை உண்டு. ஓர் அளவுக்குக் கீழே போனால் நடுக்கம் மெலிந்து, கரை வருகிறது என்று அவர் எழுந்துவிடுவார். அந்த விளிம்பிலேயே வெகுதூரம் போனேன். திடீரென்று வலது கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. கைப்பிடி கையை விட்டுப் பறந்து சக்கரத்தில் போய் மோதியது. சக்கரம் தானே சுற்றி, இரைந்து, நின்றது.

கீழே நாற்காலி நகர்ந்தது. பிறகு கேட்டின் கம்பி அதிர்ந்தது.

நொண்டிக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினேன். அவர் தொப்பி போட்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பழைய தழும்பு. பூட்டுச் சாவி என்னிடம் இல்லை.

"இன்னும் கேட்டத் தொறக்கலியா?" என்றார். அன்று ஃபெரியில் கூட வரும் ஆளிடம் பேசுவதைப்போல என்னை நேராகப் பார்த்தார். நடுவில் கம்பி இருந்ததால் இருக்கலாம்.

"இன்னும் கரைக்கு வரல. கொஞ்சம் பொறுங்க."

"நடுக்கடல்ல நிக்குதா?"

"ஆமா."

"இஞ்சின் போயிருச்சு."

"ஆமா, இஞ்சின்தான்."

"ஒனக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?"

"ஓடி வந்தேன்."

"ஓடி வந்து என்னா செய்ய? நீயும்தான் மாட்டிக்கிட்டே." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "கடயில தேடுவாங்க. உப்புப் பாக்க ஆளில்ல. தொறக்கச் சொல்லுமா. தொறக்கச் சொல்லு."

கம்பியை ஆட்டத் தொடங்கினார். நெற்றி முன்னே வந்தது. நான் கம்பிக்கு நடுவே கையை விட்டு, அவர் நெற்றி படும் இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். ஒருமுறை கையில் மோதினார். அதற்குள் என் கால் மறுபடி சுருட்டிக்கொண்டது. நிற்க முடியாமல் தாழ்வாரத்துச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"ஒக்காந்துட்டியா? அப்ப ரொம்ப நேரம் ஆவும்போல." தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அப்படியே இருந்தோம். எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்து, மெதுவாக மூடிக்கொண்டார்.

லிஃப்ட் திறந்தது. மனைவி வந்தார். கையில் பையில்லை. காயில்லை, மீனில்லை. கைப்பேசி மட்டும் இருந்தது. கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓடிவந்து பூட்டைத் திறந்தார். அவர் எழுந்து, "நின்னு போச்சு இன்னைக்கு" என்று மனைவியிடம் குறை சொன்னார். அவரை உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கேட்காமலே என் கெண்டைக்காலை நீவிவிட்டார்.

"பாசாருக்குப் போவலக்கா. பஸ்ஸு வந்துச்சு. ஏறிட்டேன். படாங் கோத்தாவுல எறங்கி, கடல பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

எனக்குக் கோபம் இருந்தது.

"போனு கையிலதான் இருந்துச்சு. மணி தெரியும். நீங்க இழுத்துக்கிட்டு இருப்பீங்கன்னும் தெரியும். எந்திரிக்க மனசு வரல." சிறிது நேரம் நீவினார். "நாளைலேர்ந்து நீங்க சின்னதா இழுங்கக்கா, முன்ன மாரி. நான் வெளிய போவல."

"ஒரு நாள்தானே. பரவாயில்ல."

"இல்லக்கா. மொத நாளு சாமான் வாங்குனேன், ஓடியாந்தேன். அடுத்த வாரம் கோப்பி குடிச்சேன். இன்னைக்கு இப்பிடி. நீங்க நிறுத்தாம போவப் போவ நானும் தூரமாப் போறேன். ஒரு நாளு திரும்பாமலே போய்ட்டேன்னா?"

மறுநாள் எனக்கு விடுதலை. திரையில் ஐந்நூறு என்று வைத்து, வேகமாக இழுத்து, நிறுத்தினேன். பழைய சந்தோஷம் தொடையில் எரிந்தது. கீழே நாற்காலி நகர்ந்தது. "இது நம்ம எடமில்ல, ஒக்காருங்க" என்றது மனைவியின் குரல். அடுத்த ஐந்நூறு. நிறுத்தினேன். "இதுவும் இல்ல, ஒக்காருங்க." மூன்றாவதில் நான் நிறுத்தவில்லை. ஐந்நூறு முடிந்து திரை கீச்சிட்டது. வேகத்தைக் குறைத்து, இரு பங்கு நேரமெடுத்து முன்னே போய், இழுத்துக்கொண்டே இருந்தேன். பூட்டுச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் யாரும் வெளியே போகாமலே, வழக்கமான சந்தை நேரம் முழுதும் இழுத்தேன். கீழே இரண்டு பேர் ஃபெரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வாரக் கடைசியில் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

உடம்பு சூடாகக்கூட இல்லை, அதற்குள் கைப்பேசி மின்னியது. மாடியிலிருந்து இறங்கித் தெருவைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. மறுபடி மின்னியது. அதுவும் ஓய்ந்தது. கீழே லிஃப்ட் பக்கத்தில் அவர் கைப்பேசியோடு நிற்பார், மேலே இரைச்சல் நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் போய்வரலாம் என்பது அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் திரும்பிவந்து லிஃப்ட் திறக்கும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இழுத்தேன். வெகுநேரம் வரவில்லை.