கிரேக்கச் சிலைகளும் எங்கள் பிள்ளையாரும்

எங்கள் குளக்கட்டுப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய மூர்த்தி வந்து, சடங்குப்படி நெல்லுக்குள் படுத்திருந்தார். சண்டையில் வலது கையும் தும்பிக்கை நுனியும் உடைந்த பழையவரை என்ன செய்வது? உடைந்த மூர்த்தி பூசைக்கு ஆகாது, நீரில் விடுவதுதான் முறை. எனக்கோ மனம் வரவில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, கூரையில்லாத கோயிலுக்குள் எங்களுக்காக இருந்தவர் அவர். வசதியில்லாத காலம் முழுவதும் அவரைத்தான் கும்பிட்டோம். கோயில் சபைத் தலைவர் நான் என்பதால் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் மகள் உயர்தரச் சோதனைக்குச் சித்திரம் படித்தாள். கிரேக்கக் கோயில் சிற்பங்கள் அவளுக்குப் பாடம். புத்தகத்தில் படங்கள் மங்கல், அதனால் போனில் தேடி எடுப்பாள். வயலால் வந்து குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நானும் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சாமியைப் பார்க்க வகுப்பு எதற்கு?

முதல் படத்தில் மூன்று பெண் தெய்வங்கள். நனைந்த சீலை உடம்போடு ஒட்டியதுபோல் கல்லில் மடிப்பு மடிப்பாகச் செதுக்கியிருந்தார்கள். மூவருக்கும் தலை இல்லை.

"செல் குண்டு விழுந்ததோ பிள்ளை?"

"உங்களுக்கு எல்லாம் செல்தான் அப்பா! இது ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலை பழசு."

விழுந்து விழுந்து சிரித்தவள், சில நாள் கழித்து வாசித்துவிட்டு வந்து சொன்னாள்: "அப்பா, அந்தக் கோயிலுக்குள்ளை வெடிமருந்து வச்சிருந்தவையாம். வெளியிலை இருந்து அடிச்ச குண்டு விழுந்து கோயிலே வெடிச்சுப் போச்சாம்."

"நான் என்ன, பொய்யே சொன்னனான்?"

"சரி சரி, சோதனைக்கு நீங்களே போங்கோ."

கூரை முகப்பில் சுவரோடு ஒட்டி நின்ற சிலைகளுக்கும் முதுகுப்பக்கம் ஒழுங்காகச் செதுக்கியிருந்தார்கள். ஒருவரும் காணாத பக்கத்துக்கு ஏன் மினக்கெட்டார்கள் என்று மகள் கேட்டாள். "சாமியெண்டா முதுகும் இருக்குந்தானே?" என்றேன். உடைந்தாலும் இவர்களை எவ்வளவு பக்குவமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு யோசனை வந்தது. சபையில் சொன்னேன்: கோயிலைச் சுற்றிய வெளி வீதியில் சின்ன மண்டபம் கட்டிப் பழையவரை அதற்குள் வைப்போம்.

பூசை செய்யும் ஐயர் மறுக்கவில்லை. "வைக்கலாம் தலைவர். ஆனா பூ வைக்கக்கூடாது, விளக்குக் கொளுத்தக்கூடாது. சனத்தை உங்களாலை மறிக்க ஏலுமே?"

"மறிப்பன் ஐயா."

அன்று பின்னேரம், அந்தச் சிலைகள் இருக்கும் மண்டபத்தைப் போனில் காட்டச் சொல்லி மகளைக் கேட்டேன். பளிங்குபோல நிலம், நல்ல வெளிச்சம், நிறையச் சனம். ஒருத்தி தெய்வத்துக்கு முதுகு காட்டி நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கைகூப்பிய ஒருவரைக்கூடக் காணவில்லை.

"இவைக்கு ஒரு பூக்கூட இல்லையே பிள்ளை?"

"மியூசியமப்பா. பூ வச்சா காவல்காரன் பிடிப்பான்."

எங்கள் பிள்ளையாருக்கு முன்னால் நான் காவல்காரனாக நின்று, பூவோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதை நினைத்துப் பார்த்தேன். என்னால் ஏலாது. பார்க்க மட்டும் ஒரு சாமி எனக்கு வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில், "தண்ணியிலை விடுவம்" என்றேன்.

"போன முறை மண்டபமெண்டீங்கள், தலைவர்?"

"போன முறை நான் மண்டபத்தைப் பாக்கேல்லை."

ஐயர் பழையவருடைய சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிய பிறகு, புது வேட்டி சுற்றி அவரைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினோம். நெஞ்சளவு தண்ணீரில் மெதுவாக விட்டோம். குளக்கட்டில் நின்ற சனம் அரோகரா சொல்லிப் பூ எறிந்தது. ஒருவரையும் யாரும் மறிக்கவில்லை. நான் தண்ணீருக்குள் நின்றபடியே கும்பிட்டேன்.