அம்மா வாசித்த ஞாயிறு

பதுளைத் தேவாலயத்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு ஆராதனையைப் பெண்களே நடத்துவார்கள். வேதபாடம் வாசிப்பது மட்டும் எப்போதும் டவுன் பெண்கள்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வரும் எங்களுக்குக் உட்காரக் கடைசி வாங்குகளும், ஆராதனை முடிந்ததும் தேநீர்க் கோப்பை கழுவும் ஊழியமும் இருந்தன. தோட்டத்து ஜனங்களின் ஓட்டுரிமை பறிபோன புதிது; எதையும் வாய்விட்டுக் கேட்க யாருக்கும் தைரியமில்லை.

என் அம்மா கொழுந்து பறிப்பவர். பள்ளிக்கூடத்தில் நான் படித்த எழுத்துகளை, ரொட்டி சுட்டுக்கொண்டே என்னிடம் கேட்டுக் கற்றார். பிழைவிட்டால் நான் அதட்டுவேன், பொறுத்துக்கொள்வார். ஒருநாள் தடங்கலில்லாமல் ஒரு பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, "இந்த வருஷம் சர்ச்சுல நான் படிக்கப் போறேன்" என்றார். அப்பா வெற்றிலை மெல்வதையே நிறுத்திவிட்டார்.

பெண்கள் சங்கத்தை நடத்தியவர் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மையார். நல்லவர்தான், எங்களுக்குப் பழைய துணிகள் தருவார். ஒரு ஞாயிறு தேநீர் நேரத்தில் அம்மா கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"உனக்கேன் இந்த ஆசை? விசுவாசிகள் எங்களுக்குத் தாழ்மை வேணும். இது பெருமையெல்லோ?"

அம்மா தலை குனியவில்லை.

"படிக்க ஆசைப்படுறது பெருமைங்களா? எனக்கு மட்டுந்தான் படிக்க வரும்னு சொன்னா அது பெருமை. நான் அப்படிச் சொல்லலீங்களே. வருஷா வருஷம் நீங்க படிக்கிறீங்க. உங்கள யாராச்சும் பெருமைக்காரின்னு சொன்னாங்களா?"

கோப்பை கழுவிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அம்மையார் போதகரைப் பார்த்தார். போதகர் கூரையைப் பார்த்தார். பிறகு, "வாசிக்கட்டுமே" என்றார்.

அம்மா வாசித்தார். இரண்டு இடங்களில் தடுக்கியது. பதறாமல் திரும்பத் தொடங்கினார். தேவாலயமே எங்களுடையது என்பதுபோல் நான் கடைசி வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மறு ஆண்டு அம்மையாரே தேடி வந்து, "இந்த முறையும் நீயே வாசி" என்றார். அம்மாவோ பக்கத்தில் நின்ற சித்தியை முன்னே தள்ளினார். "இவளும் இப்பப் படிக்கிறா. இவளுக்குக் குடுங்க."

எனக்கு வந்த ஆத்திரம்! தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். சண்டை போட்டு வாங்கியதை யாராவது விட்டுக்கொடுப்பார்களா? அம்மா பயந்துவிட்டார் என்றே முடிவுகட்டினேன்.

பெண்கள் நடத்தும் அந்த ஞாயிறு வந்தபோது, சித்தி ஒரு நீண்ட பெயரில் சிக்கி நின்றுவிட்டார். சொல்லிக்கொடுக்க அம்மையார் எழுந்தார். கடைசி வாங்கிலிருந்து அம்மாவின் குரல் சபை முழுக்கக் கேட்டது.

"இருங்கம்மா. அவளே படிப்பா."

சித்தி படித்தார். தான் வாசித்த நாளில்கூட அம்மா அப்படிச் சிரித்ததில்லை. தோற்றுப்போனவருக்கு என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.