மூன்றாவது துளை

ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எனக்குக் கரண்டு என்றாலே பயம். அங்கே சாயங்காலம் மட்டும்தான் விளக்கு எரியும், பகலில் சுவர் வெறும் சுவர். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்தேன். இங்கே பகலெல்லாம் சுவருக்குள் ஏதோ விழித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு என்னை விடவே இல்லை.

மகளுக்கு மூன்று வயதானபோது, கப்பலில் வேலை பார்த்த கொழுந்தனார் ஜெர்மனியிலிருந்து ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தார். அதன் பிளக்கில் உருண்டையாக இரண்டே கால்கள். எங்கள் சுவரிலோ மூன்று துளைகள். மேல்துளையில் ஒரு கால் நுழைந்தால்தான் கீழே உள்ள இரண்டும் திறக்கும். பிள்ளைகள் எதையாவது நுழைத்துவிடக் கூடாது என்று எங்கள் நாட்டு விதி அப்படி. என் கணவர் மீ கடையில் நூடுல்ஸ் சாப்பிடத் தரும் மரக்குச்சி ஒன்றை மேல்துளையில் குத்தி, பிளக்கை அழுத்திச் சொருகினார். அவருக்கு ஈப்போ ஓட்டலில் பரிமாறும் வேலை. தினமும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை வேண்டும்.

"ஏங்க, பெட்டியத் தொட்டா சுருக்குங்குது" என்றேன்.

"ஜெர்மன் சாமான்லா. அவனுக்குத் தெரியாத ரூல்ஸா? பயந்தாங்கொள்ளி."

அவர் சொன்னது முழுப்பொய் இல்லை. அந்த ஊர்ச் சுவரில் அது பத்திரமான சாமான்தான். எங்கள் சுவரும் எங்கள் விதிப்படி பத்திரம்தான். இரண்டு நாட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நடுவில் அந்தக் குச்சி புகுந்துகொண்டது. நான் ஒளித்து வைத்தால் அவர் வேறு குச்சி கொண்டுவருவார்.

ஒருநாள் கொல்லையில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மகள் சுவரோரம் குந்தியிருந்தாள். மடியில் பொம்மையின் சட்டை. இடக்கையால் குச்சியை மேல்துளையில் சரியாகக் குத்தியிருந்தாள். வலக்கையில் என் கொண்டை ஊசி, கீழ்த்துளைக்கு ஒரு விரல் தள்ளி. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

கத்தினால் திடுக்கிட்டு உள்ளே குத்திவிடுவாள். ஓடினாலும் அப்படித்தான்.

"பாப்பா, இங்க வந்து அம்மாகிட்ட என்ன இருக்குன்னு பாரு" என்றேன்.

"இரும்மா, தேய்ச்சிட்டு வாரேன்."

"பொம்மைக்குப் புதுச் சட்டை, பாப்பா. செவப்பு."

சிவப்பு என்றதும் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "அதான் ஒன்னும் ஆகலையே" என்று சொல்லிக்கொண்டே மறுநாளைக்கான சட்டையை விரித்தார். மகள் சமையலறைக்கு ஓடிப்போய்க் குச்சியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா, மொதல்ல மேல குத்தணும். அப்பத்தான் தொறக்கும்."

குச்சியை வாங்கியவர், விரித்த சட்டையைத் தேய்க்காமலே சுருட்டி வைத்தார். மறுநாள் கசங்கிய சட்டையோடுதான் வேலைக்குப் போனார்.