ஓர் அட்டை இடைவெளி

ரவீந்திரன் போய்விட்டான் என்ற செய்தி எங்களைப் போலவே பியர் காய்ச்சும் பிரகாஷ் போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது. மாரடைப்பு, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றான். ஆபீஸ் பார்க்கிங்கில் நின்று அதைக் கேட்ட அந்த நேரத்திலும், இவனுக்கு எப்படி எனக்கு முன்னால் தெரிந்தது என்று எரிச்சல் வந்தது. ரவியைப் பற்றிப் பொறாமை இல்லாமல் எழுத எனக்கு வராது. எங்கள் இருவரையும் அறிந்த நண்பர்களே, உங்களுக்கு அது புதிதல்ல.

பஹ்ரைனில் ஒரே ஆபீஸ், ஒரே வேலை, அடுத்தடுத்த மேஜை. அவன் யாழ்ப்பாணம், நான் திருச்சி. இருவருக்கும் வீட்டில் பியர் காய்ச்சும் பைத்தியம். இங்கே சட்டம் அனுமதிக்காத காரியம், அதனால் குதைபியாவில் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்காதீர்கள். குடித்தவர்களுக்குத் தெரியும். அவன் காய்ச்சியதைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நான் காய்ச்சியதை மரியாதைக்குக் குடித்தார்கள்.

முதல் தடவை நான் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, இட்லிக்குப் போல முந்தின நாளே ஊறவைத்துக் கிரைண்டரில் அரைத்தேன். வெந்நீரில் போட்டதும் களியாகிவிட்டது. ஒரு சொட்டுகூட வடியவில்லை. ரவி வந்து பானைக்குள் கரண்டியை விட்டான். கரண்டி நின்றது.

"மச்சான், உதைத் தோசைக்கே அரைச்சனீ? மணி உடைஞ்சாப் போதும், மாவாகக் கூடாது. உமி முழுசாக் கிடக்கோணும். உமிதான் வடிகட்டி."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு மால்ட் உடைக்க, அவனுடையதைவிடப் பெரிதாக ஓர் இரட்டை உருளை மில்லை வரவழைத்தேன். ஆகஸ்ட் மாதப் புழுக்கம். உருளைகள் சுற்றின, மணி உள்ளே இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் ஸ்பேனரும் கையுமாக மல்லாடினேன். ரவி வந்தவன் மில்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால்கனியில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தான்.

"இளகிப் போச்சுது. கடிச்சா டக்கெண்டு உடையோணும். மில்லுக்கு ஒண்டுமில்லை, உன்ர மூட்டைக்குத்தான் சுகமில்லை."

மூட்டையை ஏசி அறைக்கு மாற்றினோம். உருளையில் ஒட்டியிருந்த பசையைப் பிரஷால் தேய்த்தான். பிறகு பர்ஸிலிருந்து தன் சிபிஆரை எடுத்தான். இங்கே எல்லோர் பையிலும் இருக்கும் அடையாள அட்டைதான். அதை இரண்டு உருளைக்கும் நடுவே விட்டு, உரசிக்கொண்டு போகும் அளவுக்குத் திருகாணியை முறுக்கினான். "இவ்வளவுதான். இதுக்கு மேல எஞ்சினியரிங் வேண்டாம்." நானும் எஞ்சினியர்தான். எனக்கு அது தோன்றவில்லை.

ஊரில் காரியங்களை முடித்துவிட்டு, வீட்டைக் காலிசெய்ய அவன் மனைவி மாலதி திரும்பி வந்திருந்தபோது பார்க்கப் போனேன். அவனுடைய மில் இருந்த மூலை வெறுமையாக இருந்தது.

"பிரகாஷ் கேட்டவர், குடுத்திட்டன்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்கள் கேப்பியள் எண்டுதான் முதல்ல வைச்சிருந்தனான்" என்றார்.

துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று மரியாதை பார்த்தவன் நான். அன்று வீடு திரும்பும்வரை பிரகாஷை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

போன வாரம் அவனே கூப்பிட்டான். "பாஸ், மணி முழுசு முழுசா வெளிய வருது. க்ளீன்தான் பண்ணேன், வேற ஒண்ணும் பண்ணல." போய்ப் பார்த்தால், துடைக்கிறேன் என்று திருகாணியைத் தளர்த்தியிருக்கிறான். ரவி கடைசியாக வைத்த இடைவெளி போயே போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன்.

ரவியின் அட்டையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தாகிவிட்டது. என் அட்டையை எடுத்து உருளைகளுக்கு நடுவே விட்டு, உரசும்வரை முறுக்கினேன். கைப்பிடியைச் சுற்றியதும் மணி உடைந்து, உமி முழுசாக விழுந்தது.

அட்டைகள் எல்லாம் ஒரே தடிமன். மில் பிரகாஷிடம் இருக்கட்டும். அந்த இடைவெளி என்னிடம் இருக்கிறது. ஆனாலும் ரவி, உன் பியர் போல ஒன்று எனக்கு வரப்போவதில்லை. அந்தப் பொறாமையையும் நானே வைத்துக்கொள்கிறேன். பிரகாஷ் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.