சார்ட்டில் சிவப்பு வாங்கிய டிரைவர்

பிள்ளைகளின் செயல்திட்டத்தை வகுப்போடு நிறுத்தாமல் ஊருக்குக் காட்டுங்கள் என்று பயிற்சியில் சொல்லி அனுப்புவார்கள். காட்டினால் என்ன ஆகும் என்பதை உங்களையும் என்னையும் மாதிரி டீச்சர்கள்தான் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவரில் ஒட்டாத சார்ட்

எங்கள் பள்ளிக்கூடம் வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் பக்கத்து ஊரிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். அது பாதி நாள் அவர்கள் ஸ்டாப்பில் நிற்காது. ரோட்டில் நின்று சீரழிய வேண்டாம், படிப்பை நிறுத்து என்று அவர்களில் ஒருத்தியான முத்துலட்சுமியின் வீட்டில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். ஒரு மாசம் பஸ் பள்ளி வாசலுக்கு எத்தனை மணிக்கு வருது, டிரைவர் யாருன்னு எழுதுங்க என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சார்ட்டில் ஒவ்வொரு டிரைவர் பேருக்கும் நேரே, லேட்டுக்குத் தக்க நீளத்தில் சிவப்புக் கோடு. டிப்போவில் போய்க் காட்டப்போகிறோம் என்றதும் ஹெச்.எம். முகம் சுருங்கியது.

"வகுப்புச் செவுத்துல ஒட்டிட்டு விடுங்க டீச்சர், டிப்போவுக்கெல்லாம் எதுக்கு?"

நீளமான கோடு

டிப்போவில் முத்துலட்சுமிதான் சார்ட்டை விளக்கினாள். கோடு கோடாகத் தொட்டுக் காட்டிச் சொல்லி முடித்துவிட்டாள். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே நீளமான சிவப்புக் கோட்டின் மேல் பேனாவை வைத்தார். "யாரு, பாண்டியா? இன்னைக்கே மெமோ. அடுத்த வாரம் வேற ரூட்டு" என்றார். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முத்துலட்சுமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், நம்ம ஸ்டாப்புல நிறுத்துறது அவரு மட்டுந்தான்."

அளந்த லட்சணம்

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினவர்களெல்லாம் எங்கள் சார்ட்டில் நேரத்துக்கு வந்தவர்கள். நின்று ஏற்றினவர் லேட். நேரத்தை எழுதச் சொன்னேனே ஒழிய, நின்றதா என்று எழுதச் சொல்லவில்லை. அதை அங்கேயே மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பேனாவை மூடவில்லை.

"ஒரு தடவ தப்பா அளந்துட்டீங்க, இனி வாயில சொன்னா எப்படிம்மா நம்புறது? ஏறுற ஆள எண்ணி எழுதிக் கொண்டாங்க."

மறுநாள் ஸ்டாப்

நோட்டும் பேனாவுமாக நானே அந்த ஸ்டாப்பில் போய் நின்றேன். மெமோ நேற்றே பாண்டி கைக்குப் போயிருக்கும். இனிமேல் அந்த மனுஷன் எதுக்கு நிறுத்தணும்? நிறுத்தாவிட்டால் எண்ண ஆளில்லை, முத்துலட்சுமிக்குப் படிப்பும் இல்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பஸ் வந்தது. வேகம் குறையாமல் எங்களைத் தாண்டியது. நோட்டை மூடப் போனேன். பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

ஓடினோம். பாண்டி திரும்பி என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை விட்டுவிட்டு முத்துலட்சுமியிடம் பேசினார்.

"ஏறு தாயி, இன்னைக்கும் லேட்டுன்னு எழுதிக்க."

அளக்கத் தெரியாத டீச்சரின் செயல்திட்டத்துக்கு ஊரில் கிடைத்த முதல் மார்க் ஒரு மெமோ, அதையும் வாங்கினது நானில்லை.