போட்டிக்கு முறை வைத்தவர்

ராயபுரத்து ஐஸ் கம்பெனி முதலாளிகளின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நெற்றி நிறைய விபூதி. யார் வந்தாலும் முதலில் டீ சொல்லுவார். எல்லாரும் கூடிப்பேசி ஒரே விலை வைக்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்து, டெல்லியிலிருந்து விசாரணை வருவதாகத் தகவல் வந்தது. படகுக்கு ஐஸ் வாங்குகிறவன் நான். விலை குறையும் என்று ஆசை. புகார் கொடுத்தது நான்தான் என்று சந்தேகப்பட்டு ஐஸை நிறுத்திவிட்டால் படகு கடலுக்குப் போகாதே என்று பயம் வேறு.

அவர் பதறவில்லை. போட்டிதானே வேண்டும் என்று முதலாளிகளைக் கூட்டி, எந்தக் கிழமை யார் விலையைக் குறைப்பது என்று முறை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை, விலை குறைத்து போர்டு வைத்திருந்த கம்பெனிக்கு ஓடினேன். ஐஸ் இல்லை என்றார்கள். அவரிடமே போய்க் கேட்டேன்.

“இன்னிக்கு அவன் மொறை நைனா. அதான் மெஷினை நிறுத்திக்கினான். வெலயும் கொறைச்சு ஐஸும் குடுத்தா நஷ்டமாவாதா?”

“அப்ப போட்டி இன்னாத்துக்கு தலைவரே?”

“கவர்மெண்டு கேக்குதே. நீ டீ சாப்டு.”

பழைய விலைக்கே வேறு இடத்தில் ஐஸ் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை அவருடைய முறை. மெஷின் ஓடவில்லை. குறைந்த விலை போர்டுக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். ஏமாற்றுகிறாரா, போட்டி என்றால் இதுதான் என்று நிஜமாகவே நம்புகிறாரா, எனக்கு இன்றும் பிடிபடவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.