புளியமரத்தடியில் செவலை

என் தங்கை பாண்டிலட்சுமி அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். காலையில் மூன்று மாடுகளையும் கவனித்துவிட்டுத்தான் கம்பெனி வேனில் ஏறுவாள். அவளைப் பற்றிப் பேசினாலே எனக்கு நெஞ்சு நிமிரும்.

போன மாசியில் அவளுடைய செவலைப் பசு இரும ஆரம்பித்தது. எங்கள் பக்கம் இருமல் ஒரு செய்தியே இல்லை. "பட்டாசு மருந்துத் தூசிதான்" என்றேன்.

"தூசின்னா மூணும்ல இருமணும்ண்ணே? இது மட்டும்ல இருமுது."

நாலு எட்டு நடந்தாலே செவலைக்கு இருமல் கூடியது. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி நின்றது. மூச்சு விடும்போது முனகியது. மூக்கில் சளி ஒழுகியது. பால் பாதியாகக் குறைந்தது. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கால்நடை மருத்துவர் விலாவில் குழாய் வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். "நுரையீரல் கெட்டிருக்கும்மா. மத்த மாட்டுக்கும் தொத்தலாம். தள்ளிக் கட்டுங்க."

பாண்டிலட்சுமி பக்கத்தில் நின்ற மயிலைப் பசுவைப் பார்த்தாள். அது நிறைசினை.

கம்பெனியில் மருந்து அறைகளை இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ஒன்று வெடித்தாலும் அடுத்தது தப்ப வேண்டும். அந்தக் கணக்கில்தான் அவளும் செவலையைத் தூரத்துப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனாள். வாளி தனி, கயிறு தனி. நல்ல மாடுகளைப் பார்த்து முடித்த பிறகே அதனிடம் போவாள். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கைகால் கழுவுவாள்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் சிரித்தாள். "ஏத்தா, மாட்டுக்கும் கம்பெனி ரூல்ஸா? கேட்டுல உங்களைப் பாக்குற மாதிரி, மடியில செல்போன் வச்சிருக்கான்னு தடவிப் பாத்தியா?"

"சிரிங்க மதினி. ஆனா உங்க மாட்டை எங்க தொட்டிக்குக் கொண்டாராதீக. செவலைக்குத் தொத்து நோயாம்."

எனக்குப் பதறியது. "இப்படிச் சொன்னா யாரு பால் வாங்குவா?"

"வாங்காட்டிப் போகட்டும்ண்ணே. அவுக வீட்டுலயும் மாடு நிக்குதுல்ல?"

மறுநாளே பாதிப் பேர் பாலுக்கு வரவில்லை. பங்குனி பிறக்கும் முன் செவலை செத்தது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அதற்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை. மயிலையின் விலாவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்றுக் காலை தண்ணீர் காட்டும்போது மயிலை ஒரு தரம் இருமியது. பாண்டிலட்சுமி கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. அடுத்த இருமல் வருகிறதா என்று இருவரும் அதையே பார்த்தோம். மறுபடி இருமவில்லை. மிச்சத் தண்ணீரையும் குடித்தது.

வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை. மயிலையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்த முறை நான் தூசி என்று சொல்லவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, வேறொரு வாளி தேடப் போனேன்.